பேர் சொல்லிப் பேசுற குரலைக் கேளுங்க



சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது காதில் என்ன மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு பல பேர் எங்களைக் கேட்டுட்டீங்க. பக்திப் பாட்டுன்னு சில பேர் நினைச்சீங்க. கிரிக்கெட் கமெண்ட்ரியான்னு ஒரு அம்மா கேட்டாங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்றதை விட ஒரே பதிவா எழுதிடலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

நாங்க கேட்கிறது தமிழ் வானொலி. நேரடி ஒலிபரப்பு கொஞ்சம், மீதியெல்லாம் பாட்காஸ்ட். தமிழில் வலையொலின்னு சொல்றாங்க. வானொலியில் வந்த பேச்சு, பேட்டி, செய்தி எல்லாத்தையும் பதிவு செஞ்சு இணையத்தில் வச்சிருப்பாங்க. நமக்கு எப்போ நேரம் கிடைக்குதோ அப்போ கேட்கலாம். பாதியில் நிறுத்திட்டு வேலையை முடிச்சிட்டு வந்து விட்ட இடத்திலேர்ந்து கேட்கலாம். அதிலும் நாங்க தேடிக் கேட்கிறது பொது வானொலி, அதாவது மக்கள் பணத்தில், மக்களுக்குப் பொறுப்பா நடக்கிற வானொலி. இதுக்குக் கட்டணம் கிடையாது.

இதை ஏன் கோயில் தொண்டூழியர்கள் சொல்லணும்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

கோயிலுக்கு வாராவாரம் வர்ற ஒரு பெரியவர். சர்க்கரை நோய், பல வருஷமா மாத்திரை. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு குரல் பதிவு வந்திருக்கு. நல்ல தமிழ், கணீர்னு குரல், நடுநடுவே சாமி பேரு. இந்தக் கஷாயத்தை நாற்பது நாள் குடிச்சா மாத்திரையே வேண்டாம்னு அதில் சொல்லியிருக்காங்க. பெரியவர் நம்பிட்டார். மாத்திரையை நிறுத்தினார். மூணாவது வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாப் போச்சு. முருகன் புண்ணியத்தில் திரும்பி வந்துட்டார். நாங்க போய்ப் பார்த்தப்போ, "அந்தப் பதிவில் பேசினது யாருங்கையா?"ன்னு கேட்டோம். "தெரியலப்பா, யாரோ டாக்டர்னு நினைச்சேன்"னு சொன்னார். அனுப்பினவருக்கும் தெரியல. அவருக்கு அனுப்பினவருக்கும் தெரியல.

நாங்க ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோட சரி. ஆனா முப்பது வருஷ வேலையில் ஒண்ணு நல்லாத் தெரியும். ஒரு பெட்டி சரக்கு வந்தா முதலில் அதோட தாளைப் பார்ப்போம். யார் செஞ்சாங்க, யார் சோதிச்சாங்க, எந்தத் தேதி, கையெழுத்து இருக்கா? கையெழுத்து இல்லைன்னா சரக்கு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் லைனில் ஏத்த மாட்டோம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேட்கிறது? ஒரு இரும்புத் துண்டுக்கே இவ்வளவு பார்க்கிறோம். காது வழியா மனசுக்குள்ள போற சரக்குக்கு ஒரு தாளும் பார்க்கிறதில்லையே!

பழைய ஆட்களுக்கு ஆகாசவாணியில் செய்தி வாசிச்ச சரோஜ் நாராயணசுவாமி அம்மாவை ஞாபகம் இருக்கும். டெல்லியிலேர்ந்து தமிழ்ச் செய்தி. தன் பேரைச் சொல்லிட்டுத்தான் செய்தியையே ஆரம்பிப்பாங்க. 2022 ஆகஸ்டில் அவங்க காலமானப்போ, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அந்தக் குரலை நினைச்சு வருத்தப்பட்டுச்சு. பேரைச் சொல்றது சும்மா பழக்கத்துக்காக இல்லை. "இதை வாசிக்கிறது நான், தப்புன்னா என்னைக் கேளு, என் நிலையத்தைக் கேளு"ன்னு அர்த்தம். அதுதான் கையெழுத்து. குரல் பதிவு அனுப்புற ஆளுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

சரி, நாங்க கேட்கிறதை வரிசையா சொல்றோம்.

1) ஒலி 96.8

நம்ம ஊரு வானொலி. மீடியாகார்ப் நடத்துற தமிழ் நிலையம், 24 மணி நேரமும் இருக்கு. சிங்கப்பூரில் வானொலிக்குப் பெரிய வரலாறு உண்டு. 1937லேயே கால்டிகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் திறந்தாங்க. அந்தக் குன்றிலேர்ந்து பல பத்தாண்டுகள் ஒலிபரப்பு நடந்துச்சு. இப்போ ஒன்-நார்த் வளாகத்தில் நடக்குது.

நிறைய பேர் ஒலியைக் காரிலும் வீட்டிலும் பாட்டுக்காக மட்டும் போடுறீங்க. பாட்டு முடிஞ்சு பேச ஆரம்பிச்சா ஒலியைக் குறைச்சிடுறீங்க. நாங்க சொல்றது, அந்தப் பேச்சைத்தான் கேட்கணும். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், நம்ம சமூக அமைப்புகளில் வேலை செய்றவங்க எல்லாம் பேரோட வந்து பேசுறாங்க. மீலிசன் செயலியை ஃபோனில் இறக்கிக்கிட்டா நேரடியாவும் கேட்கலாம், பதிவுகளையும் கேட்கலாம். மத்திய சேமநிதி, மெடிஷீல்டு, வீவக வீடு மாதிரி விஷயங்களைத் தமிழில் காதால கேட்டாத்தான் எங்க மாதிரி ஆட்களுக்கு முழுசாப் புரியும். ஆங்கிலக் கடிதம் வந்தா படிச்சிடுவோம், ஆனா படிச்சதும் புரிஞ்சதும் ஒண்ணு இல்லையே.

2) எஸ்பிஎஸ் தமிழ், ஆஸ்திரேலியா

இது பல பேருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனம், அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நிகழ்ச்சி தருது, அதில் தமிழும் ஒண்ணு. இது ஆரம்பிச்ச கதையே நல்லா இருக்கும். 1975ல் அந்த நாட்டு அரசாங்கம் மெடிபேங்க்னு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டு வந்தாங்க. வெளிநாட்டிலேர்ந்து வந்து குடியேறினவங்களுக்கு அது புரியல. அவங்கவங்க மொழியில் சொன்னாத்தான் புரியும்னு சிட்னியிலும் மெல்பர்னிலும் இரண்டு சின்ன நிலையம் ஆரம்பிச்சாங்க. மூணு மாசத்தில் மூடிடலாம்னு நினைச்சு ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு இவ்வளவு பெருசா நிக்குது. தமிழ் பின்னாடி சேர்ந்துச்சு.

அவங்க பதிவுகள் சின்னச் சின்னதா இருக்கும். கோப்பி குடிக்கிற நேரத்தில் ஒண்ணு முடிஞ்சிடும். செய்தி, பேட்டி, குடியேறினவங்களுக்கான வழிகாட்டி எல்லாம் இருக்கு. இலங்கைத் தமிழ், தமிழ்நாட்டுத் தமிழ் இரண்டும் கலந்து கேட்கும். மகனோ மகளோ பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ போயிருக்கிற பக்தர்கள் நம்ம கோயிலில் எத்தனை பேர் இருக்கீங்க! பிள்ளைங்க எந்த ஊரில் என்ன மாதிரி வாழ்றாங்கன்னு தெரிஞ்சுக்க இதைக் கேளுங்க. அடுத்த தடவை பேசும்போது "சாப்டியா"ங்கிறதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்கலாம்.

3) ஆகாசவாணி

சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் ஆரம்பிச்சது. முன்னெல்லாம் ஊருக்குப் போனாத்தான் கேட்க முடியும். இப்போ நியூஸ் ஆன் ஏர் செயலியில் தமிழ்நாட்டு நிலையங்களைத் தேக்காவில் நின்னுக்கிட்டே கேட்கலாம். நேரக் கணக்கு மட்டும் கவனம். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னாடி. அங்கே காலை 5 மணின்னா இங்கே 7.30.

பக்தர்களுக்கு நாங்க முக்கியமா சொல்றது மார்கழி மாசம். திருப்பாவை, திருவெம்பாவை காலையில் வரும், விளக்கமும் சொல்வாங்க. இந்த நேர வித்தியாசத்தில் நமக்கு ஒரு வசதி. இங்கே கோயிலில் விடியற்காலைப் பூஜையை முடிச்சிட்டு, வேலைக்குப் போற வழியில் அங்கே நடக்கிறதைக் கேட்கலாம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியா ஒலிபரப்புவாங்க. அந்த நாளைத் தவற விடாதீங்க.

4) தென்கச்சி கோ. சுவாமிநாதன்

ஆகாசவாணியிலேயே இவரைத் தனியா சொல்லணும். சென்னை வானொலியில் காலையில் "இன்று ஒரு தகவல்" சொன்னவர். சில நிமிஷம்தான். ஒரு சின்னத் தகவல், ஒரு கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுற மாதிரி தமிழ். 2009ல் காலமாயிட்டார். பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கு.

உயர்நிலை, தொடக்கநிலைப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இது ரொம்ப உதவும். பிள்ளைங்களுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வுன்னா பயம். துணைப்பாட வகுப்புக்கு மாசம் எவ்வளவு வெள்ளி கட்டுறோம்! எழுத்துப் பயிற்சி அங்கே கிடைக்கும். ஆனா பேச்சு வரணும்னா முதலில் காது நிறையணும். சாப்பாட்டு மேசையில் ஒரு தகவல் போடுங்க. முடிஞ்சதும் "என்னடா சொன்னாரு, உன் பாணியில் சொல்லு"ன்னு கேளுங்க. அவ்வளவுதான் பயிற்சி.

5) மின்னல் எஃப்எம், மலேசியா

பக்கத்து நாட்டு அரசாங்க வானொலி ஆர்டிஎம்மின் தமிழ் அலைவரிசை. ஆர்டிஎம் கிளிக் செயலியில் கிடைக்கும். நமக்கும் அவங்களுக்கும் வேர் ஒண்ணு. 1946ல் ரேடியோ மலாயா ஆரம்பிச்சதே சிங்கப்பூரில்தான். 1959ல்தான் இரண்டும் தனித்தனி வானொலியாப் பிரிஞ்சது. ஜொகூரில் அக்கா தங்கச்சி வீடு இருக்கிறவங்க, பத்துமலைக்கு வருஷா வருஷம் போறவங்க இதைக் கேட்டா அந்த ஊர் நடப்பு தெரியும். தோட்டத்துப் பெரியவங்க பேச்சு, அவங்க சொல்ற வார்த்தைகள், இங்கே இப்போ கேட்கக் கிடைக்காது.

6) தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாறு

இது வானொலி இல்லை. ஆனா எங்க பட்டியலில் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 1979லேர்ந்து சிங்கப்பூரில் வாழ்ந்த மனுஷங்களைப் பேட்டி எடுத்துப் பாதுகாத்து வச்சிருக்காங்க. தமிழிலும் பேட்டிகள் உண்டு. நிறைய பதிவுகளைக் காப்பகத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம். ஒரு ஆளோட பேட்டி பல பாகமா இருக்கும், ஒரு பாகம் ஏறக்குறைய அரை மணி நேரம். ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டாங்க, கப்பலில் எப்படி வந்தாங்க, துறைமுகத்தில் என்ன கூலி, கோயில் திருவிழா எப்படி நடந்துச்சுன்னு அவங்க வாயாலேயே சொல்றதைக் கேட்கலாம். அவங்க யாரும் பெரிய பேச்சாளர் இல்லை. இருமுவாங்க, மறந்து போய் யோசிப்பாங்க, திரும்பச் சொல்வாங்க. ஆனா ஒவ்வொரு பதிவிலும் பேர் இருக்கு, தேதி இருக்கு, பேட்டி எடுத்தது யாருன்னும் இருக்கு. நம்ம டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு ஒரு பக்கம்னா, இந்தக் காப்பகம் அதே குன்றில் கேனிங் ரைஸில் இருக்கு. தைப்பூசத்துக்கு எத்தனை வருஷமா அந்தப் பக்கம் நடந்திருப்போம்!

இனி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிடுறோம். இதை அடிக்கடி கேட்கிறாங்க.

முதல் கேள்வி, "கோயிலுக்கு வர்றவங்களுக்குப் பக்திப் பாட்டு போதாதா? உலக விஷயம் எதுக்கு?" பக்திப் பாட்டு வேண்டாம்னு நாங்க சொல்லவே இல்லை. காலையில் சுப்ரபாதமும் கவசமும் இல்லாம எங்க வீட்டிலும் விடியாது. ஆனா பக்தர்னா உலகத்தில் இல்லாத ஆளா? மாத்திரையை நிறுத்தினவர் நல்ல பக்தர்தான். சரியான தகவல் கிடைச்சிருந்தா அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார். அன்னதானத்தில் போடுற சாதத்தில் கல் இருக்கான்னு மூணு தடவை பார்க்கிறோம். பக்தர் காதுக்குப் போறதையும் பார்க்கிறது சேவைதான்னு நாங்க நினைக்கிறோம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது எங்க குழுவில் இருக்கிற ஒரு தம்பி. தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சேவைக்கு வர்றவர். "அண்ணே, அரசாங்கப் பணத்தில் நடக்கிற வானொலி அரசாங்கத்துக்கு ஏத்த மாதிரிதானே பேசும்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. எந்த வானொலிக்கும் ஒரு சாய்வு இருக்கலாம். அதனாலதான் பட்டியலில் நாலு நாட்டு வானொலியைச் சேர்த்திருக்கோம். ஒரே விஷயத்தைச் சிங்கப்பூர் எப்படிச் சொல்லுது, ஆஸ்திரேலியா எப்படிச் சொல்லுது, மலேசியா எப்படிச் சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்க. எது கூடுது, எது குறையுதுன்னு உங்களுக்கே பிடிபடும். இலங்கையில் போர் நடந்த வருஷங்களில் தமிழ் மக்கள் உள்ளூர் வானொலியோட நிறுத்திக்கல. ராத்திரி சிற்றலையைத் திருகித் திருகி லண்டன் பிபிசி தமிழோசையையும் தேடிப் பிடிச்சுக் கேட்டாங்க. எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச குரலில் சாய்வு இருந்தா கண்டுபிடிக்கலாம். எங்கிருந்து வருதுன்னே தெரியாத குரலில் எதைக் கண்டுபிடிக்கிறது?

தமிழோசைன்னு சொல்லும்போதே ஒரு வருத்தம் வருது. லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாசம் ஆரம்பிச்சது. அதுக்குத் தமிழோசைன்னு பேர் வச்சவர் இலங்கையைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். எழுபத்தாறு வருஷம் நடந்த அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோட நின்னு போச்சு. இணையத்திலும் காணொளியிலும் பிபிசி தமிழ் இன்னும் இருக்கு. ஆனா அந்த வானொலி இல்லை. சிற்றலை கேட்கிறவங்க குறைஞ்சாங்க, காலம் மாறிச்சு, நிறுத்தினாங்க. நின்ன பிறகு எத்தனையோ பேர் வருத்தப்பட்டாங்க. அவங்களில் எத்தனை பேர் கடைசி வருஷத்தில் கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம ஊர்க் கணக்கையும் சொல்றோம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயசும் அதுக்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுறது தமிழ்னு சொன்னவங்க 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 32.3லிருந்து 48.3 ஆயிடுச்சு. நாலு அதிகாரத்துவ மொழியில் ஒண்ணா நம்ம மொழி இருக்கிறதால நமக்கு 24 மணி நேர வானொலி இருக்கு. இது எத்தனை நாட்டுத் தமிழர்களுக்குக் கிடைச்சிருக்கு? கிடைச்சதைக் கேட்காம விட்டா, கேட்க ஆளில்லைன்னு ஒரு நாள் யாராவது கணக்குப் போடுவாங்க. அவங்க மேல தப்புச் சொல்ல முடியாது. இப்போ இணையத்தில் எத்தனை பேர் கேட்டாங்க, எத்தனை நிமிஷம் கேட்டாங்கங்கிறது எல்லாமே எண்ணிக்கையாப் பதிவாகுது. நீங்க ஒரு தமிழ் வலையொலியைக் கடைசி வரைக்கும் கேட்டா அதுவும் ஒரு ஓட்டு மாதிரிதான்.

வானொலி நடத்துறவங்ககிட்டயும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. நிகழ்ச்சித் தலைப்பைத் தமிழ் எழுத்தில் பெருசாப் போடுங்க. எங்க அம்மா வயசுக்காரங்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்த் தலைப்பைப் படிக்க வராது. பேசினவர் பேரையும் தேதியையும் கீழே எழுதுங்க. பழைய பதிவுகள் அலமாரியில் இருந்தா வெளியே எடுத்து வைங்க, நாங்க கேட்கிறோம்.

கேட்கத் தொடங்குறவங்களுக்கு எங்க அனுபவத்தில் சில விஷயங்கள்:

வீட்டு வைஃபையில் முதல் நாள் ராத்திரியே இறக்கி வச்சுக்குங்க, டேட்டா மிச்சம். லிட்டில் இந்தியாவிலிருந்து துவாஸ் லிங்க் வரைக்கும் எம்ஆர்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதில் இரண்டு மூணு நிகழ்ச்சி முடிஞ்சிடும்.

எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் ஸ்பீக்கரில் போடாதீங்க. நல்ல விஷயமா இருந்தாலும் பக்கத்து ஆளுக்குத் தொந்தரவுதான்.

கத்தி, அடுப்பு, மெஷின் பக்கத்தில் இரண்டு காதையும் அடைக்காதீங்க. சமையலறையில் நாங்க ஒரு காதில்தான் மாட்டுவோம். ஃபேக்டரியில் மெஷின் ஓடும்போது அதுவும் கூடாது. சாலையைக் கடக்கும்போது கழற்றிடுங்க.

சன்னிதிக்குள்ள ஃபோன் வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது மணியும் மந்திரமும்.

குரல் பதிவு வந்தா அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "பேசுறது யாரு?" பேர் தெரியலைன்னா உங்களோட நிறுத்திடுங்க. மருந்து, பணம், கோயில் பத்தின அறிவிப்பு இந்த மூணிலும் ரொம்ப ஜாக்கிரதை. கோயில் அறிவிப்புன்னா அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்க.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனாவுக்காக முடக்கம் ஆரம்பிச்சப்போ கோயிலுக்குள்ள பக்தர்கள் வர முடியாமப் போச்சு. தனியா இருந்த பெரியவங்க வீட்டில் பேச ஆள் இல்லை. அப்போ அவங்களில் பல பேருக்குத் துணையா இருந்தது வானொலிதான்னு பிறகு அவங்களே எங்ககிட்ட சொன்னாங்க. உங்க புளோக்கில் அப்படித் தனியா இருக்கிற ஒரு பெரியவர் இருந்தா, அவர் ஃபோனில் செயலியை இறக்கி, எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டிக் கொடுங்க. ஒரு தடவை காட்டினா மறந்திடுவாங்க, இரண்டு மூணு தடவை போய்க் காட்டுங்க. பத்து நிமிஷ வேலை. நம்ம இளைய தொண்டூழியர்கள் இதைச் செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. யாருக்காவது உதவி தேவைன்னா ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் சமையலறைப் பக்கம் வாங்க, உட்கார வச்சு சொல்லித் தர்றோம்.

நீங்க கேட்கிற நல்ல தமிழ் நிகழ்ச்சி ஏதாவது இருந்தா எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமை நறுக்க வேண்டிய பூசணிக்காய் நிறைய இருக்கு.

எல்லாரும் நலமா இருக்கணும். முருகா சரணம் 🙏